முறைப்படி வாங்கிய வீடு

வாணியம்பாடியில் ஷபீ அஹமது இருக்கும் தெருவில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தையல் கோணலாகப் போயிருந்தாலும் ரிஜக்ட் கூடையில் போட்டுவிடுவார். தைத்த பெண் அழுதாலும் சரி, மேனேஜர் கத்தினாலும் சரி, போட்டது போட்டதுதான். லைனில் இருக்கும் பெண்கள் அவருக்கு 'கரெக்ட் பாய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். மனுஷர் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார்.

தெருவிலும் அப்படித்தான். அண்ணன் தம்பிக்குள் தகராறா, நிக்காஹ் பேச்சில் இழுபறியா, பள்ளிவாசல் கமிட்டியில் வாய்த்தகராறா, "ஷபீ பாயைக் கூப்பிடு" என்பார்கள். அவரும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய் உட்கார்ந்து, "எதையும் முறையா செஞ்சுட்டா நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது" என்று ஆரம்பிப்பார். அந்தப் பெருமை மட்டும் அவரிடம் கொஞ்சம் கம்மியாக இருந்திருந்தால், இங்கே சொல்ல ஒரு கதையும் இருந்திருக்காது.

அவருடைய அப்பா அப்துல் ஹமீத். தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து போனவர். கடைசியில் மேஸ்திரியாகி ஓய்ந்தார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் வீட்டைக் கட்டினார். முதலில் ஒரு அறை, பிறகு சமையல்கட்டு, பிறகு மாடிக்கு ஒரு படி. மாடி மட்டும் வரவே இல்லை. படி ஏறினால் மொட்டை மாடிதான். அந்த வீட்டில் பிறந்து, அங்கேயே பில்கிஸைக் கட்டி, அங்கேயே பிள்ளை பெற்று, மகன் ஃபைஸான் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகும் ஷபீ அஹமது அதே வீட்டில்தான் இருந்தார். தங்கை ஹுமேராவை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

ஷபீயின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் முழுக்க பில்கிஸ்தான் பார்த்தாள். முகம் சுளிக்காமல் பார்த்தாள், அதைத் தெருவே சொல்லும். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று பெரியவர் மருமகளைக் கூப்பிட்டு, "இந்த வீடு ஷபீக்குத்தான். நீ பார்த்ததுக்கு அல்லா பார்த்துக்குவான், நான் பார்க்கக்கூடியது இதுதான்" என்று தன் வாயாலேயே சொன்னார். வீட்டில் பேசுவது உருதுவும் தமிழும் கலந்த பேச்சு. படிக்கிறவர்களுக்குத் தோதாக இங்கே எல்லாம் தமிழிலேயே வருகிறது.

பிறகு பெரியவருக்கு மறதி வந்தது. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர், மறுபடியும் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்யப் போனார். செத்துப்போன மனைவிக்கு டீ கொடுத்தாயா என்று பில்கிஸிடம் கேட்டார். ஒருநாள் கறி வாங்கப் போனவர் வழி தெரியாமல் நியூ டவுன் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தார். வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் கொஞ்சமா ஜாஸ்தி ஆகும். அவரோட கையெழுத்து, சம்மதம் வேண்டிய விஷயம் ஏதாவது இருந்தா தெளிவா இருக்கும்போதே பண்ணிடுங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளிகொண்டா தாண்டும் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் மகன். மகன் மனசில் என்ன ஓடியது தெரியுமா? மாத்திரை இல்லை, ராத்திரியில் யார் முழித்திருப்பது என்பது இல்லை. வீடுதான் ஓடியது. அப்பா போய்விட்டால் சட்டப்படி தங்கைக்கும் பங்கு உண்டு. ஹுமேரா கேட்க மாட்டாள். அவள் புருஷன் கேட்பான். அந்தச் சின்ன வீட்டை எங்கே என்று பிரிப்பது? அப்பா தெளிவாக இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். அன்றைக்கு அப்படி நினைத்ததை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

சுஹேல் அகமது என்று அவருக்கு ஒரு சித்தப்பா மகன். டேனரிகளுக்கு கெமிக்கல் விற்கிற ஏஜெண்ட். கோர்ட் வாசலில் டீ குடித்தே பாதி வக்கீல் ஆகிவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு. அவன்தான் வழி சொன்னான்.

"ஹிபா பண்ணிடு. உயிரோட இருக்கறப்பவே குடுக்கறது. நம்ம சட்டத்துல அதுக்கு மூணே விஷயம். குடுக்கறேன்னு அவர் சொல்லணும், வாங்கிக்கிட்டேன்னு நீ சொல்லணும், வீட்டைக் கைமாத்தணும்."

"கைமாத்தறதுன்னா? சாவியக் குடுக்கறதா?"

"அது மட்டும் இல்ல. குடுக்கறவரு தன்னோட சாமானை எல்லாம் எடுத்துக்கிட்டு வெளிய போகணும். வீடு உன் கையில வரணும். அதுக்கப்புறம் நீ கூப்பிட்டா அவர் வரலாம். இதைச் செய்யாம உட்ட ஒரு கேசு எனக்குத் தெரியும், பேர்ணாம்பட்டுக்காரங்க. கிழவரு வீட்டுலயே உக்காந்திருந்தாரு, ஹிபாவே செல்லாதுன்னு ஆய்டுச்சு. பேஜாரா போச்சு."

கரெக்ட் பாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முறை என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. வக்கீல் ஒருத்தரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பில்கிஸ் மட்டும், "வயசான மனுஷன், அவரை எதுக்குங்க வெளிய அனுப்பணும்? எனக்கு மனசு ஒப்பல" என்றாள்.

"ஒரு நாள்தான். எதிர் வீட்டுலதான் இருக்கப் போறாரு. நீ ஒண்ணும் தெரியாம பேசாத."

எதிர் வீடு முனிரத்தினத்துடையது. அவரும் மனைவி சுந்தரியும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். முனிரத்தினத்துக்குப் பெரியவர் மேல் மரியாதை. "பெரிய பாய் நம்ம வீட்ல ஒரு நாள் தங்கறதுக்கு இன்னா கேள்வி, வரட்டும்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் நடந்தது. பெரியவர் அன்று தெளிவாகத்தான் இருந்தார். இஸ்திரி போட்ட ஜிப்பா, அத்தர் எல்லாம் போட்டுக்கொண்டு, சாட்சிக்கு வந்த இரண்டு பேர் முன்னால், "என் வீட்டை என் மகன் ஷபீக்குக் குடுத்துட்டேன், சந்தோஷமா குடுத்தேன்" என்று சொன்னார். ஷபீ அஹமது, "வாங்கிக்கிட்டேன்" என்றார். பிரியாணி கூட வைத்திருந்தார்கள். பெரியவர் நன்றாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் சுஹேல் எழுந்து, "இப்ப சாமான்" என்றான். அப்பாவின் படுக்கையைச் சுருட்டிக் கட்டினார்கள். துணிமணியைப் பெட்டியில் வைத்தார்கள். மாத்திரை டப்பா, தொழுகை விரிப்பு, குடை, சுவரில் மாட்டியிருந்த அவருடைய கண்ணாடி, ஒன்று விடவில்லை. ஒரு சாமான் மிச்சம் இருந்தாலும் முறை கெட்டுவிடும் என்று ஷபீ அஹமதுவே குளியலறையில் போய் அப்பாவின் பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்துவந்து பெட்டியில் போட்டார். அந்தப் பிரஷ் அவர் கனவில் எத்தனை தடவை வந்தது என்று பில்கிஸுக்குத்தான் தெரியும்.

"எங்க போறோம் ஷபீ?"

"எங்கயும் இல்லப்பா. ஒரு ஃபார்மாலிட்டி. எதிர் வீட்டுக்குத்தான்."

"ராத்திரிக்கு வந்துடலாமா?"

சுஹேல் குறுக்கே புகுந்து, "இல்ல பெரியப்பா, இன்னிக்கு அங்கயே இருங்க. அப்பத்தான் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றான்.

பெரியவர் சாவியை மகன் கையில் கொடுத்தார். படுக்கைச் சுருளை யாரோ வாங்கப் போனதற்கு, தானே எடுத்து வருவதாகச் சொல்லி மார்போடு அணைத்துக்கொண்டார். பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தான் கட்டிய வீட்டிலிருந்து படுக்கையோடு இறங்கி நடந்தார். அவர் தெருவைக் கடந்ததும் ஷபீ அஹமது கதவைச் சாத்தினார். அதுவும் முறைதானாம்!

மறுநாள் காலையில் அவரே போய் அப்பாவைக் கூட்டிவந்தார். வாசலில் வந்ததும் பெரியவர் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸலாம் சொன்னார். பிறகு பில்கிஸைப் பார்த்து, "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தார்கள். "நல்லா கேட்டீங்க போங்க, வாங்க மாமா" என்று பில்கிஸ் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். சாயங்காலம் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பியவர் மறுபடியும் வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அது நிற்கவே இல்லை. குளியலறைக்குப் போகக் கேட்டார். ஃபேன் போடக் கேட்டார். பசித்தால் கேட்கவில்லை, சும்மா இருந்துகொண்டார். சோறு போட்டால், "போதும்மா, கம்மியா போடு, உங்களுக்கு வேணும்ல" என்று தட்டைக் கையால் மூடினார். காலையில் எழுந்ததும் படுக்கையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி வாசல் கதவுப் பக்கமாக வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "எப்ப சொல்வாங்கன்னு தெரியாது இல்ல" என்பார்.

"இது உங்க வீடுப்பா. நீங்க கட்டினது."

"எனக்கேது வீடு? நான் குடுத்துட்டேன். சாட்சி இருக்காங்க."

சாப்பிட்டது மறந்துபோகிறது, மனைவி செத்தது மறந்துபோகிறது, பேரன் பெயர் மறந்துபோகிறது. இது ஒன்று மட்டும் எப்படித்தான் அந்த மண்டையில் ஒட்டிக்கொண்டதோ! மகன் முகம் சில நேரம் தெரிந்தது, சில நேரம் தெரியவில்லை. தெரியாத நேரத்தில் மகனை "ஓனர்" என்று சொன்னார்.

ரம்ஜான் பெருநாளன்று பள்ளிவாசல் கமிட்டிக்காரர்கள் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். ஷபீ அஹமது பாயசம் எடுத்துவர உள்ளே போயிருந்தார். அந்த நேரத்தில் பெரியவர், வந்தவர்களிடம் குரலைத் தாழ்த்தி, "இவங்க ரொம்ப நல்லவங்க. சொந்தமா இன்னா? யாரு பெத்த புள்ளயோ, என்னை வெச்சு சோறு போடறாங்க. நீங்களும் ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லுங்க" என்றார். வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பாயசத் தட்டோடு வந்து நின்ற ஷபீ அஹமதுவுக்கு மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து கமிட்டிக்குப் போவதை நிறுத்திவிட்டார். யாராவது பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி என்றார். கம்பெனியில் கோணல் தையலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இது ஹுமேராவுக்குத் தெரியாது. ஹிபா நடந்ததே அவளிடம் சொல்லவில்லை. முறை முறை என்று குதித்தவர் அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். ஒருநாள் அவள் சொல்லாமல் கொள்ளாமல் அரக்கோணத்திலிருந்து வந்து இறங்கினாள். பில்கிஸ் கடைக்குப் போயிருந்தாள். பெரியவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அவளை அடையாளம் தெரிந்தது. ஆனால் எழுந்து வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"இரு மகளே. ஓனர் வேலைக்குப் போயிருக்காரு. அந்தம்மாவும் இல்ல. கேக்காம உன்னை உள்ள உட்டா நல்லா இருக்காது. இப்படி உக்காரு."

ஹுமேரா படியில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். விஷயம் முழுவதையும் எதிர் வீட்டு சுந்தரி சொன்னாள். சாயங்காலம் ஷபீ அஹமது பைக்கை நிறுத்தும்போது தங்கை, பில்கிஸ் வந்து கூப்பிட்டும் உள்ளே போகாமல், இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"பாய்ஜான், வீட்டை நீயே வெச்சுக்கோ. எனக்கு ஒரு செங்கல் வேணாம், அதை எங்க வேணா எழுதித் தரேன். அப்பாவை எதுக்கு படுக்கையோட தெருவுல நிறுத்தின? அதை மட்டும் சொல்லு."

அவர் வாயைத் திறந்தார். 'முறை' என்று சொல்ல வந்தது. சொல்ல முடியவில்லை.

"நான் சப் கலெக்டர் ஆபீசுக்குப் போகப் போறேன். வயசானவங்களுக்குன்னு சட்டம் இருக்கு, மனு குடுத்தா விசாரிப்பாங்களாம். போன்ல சொன்னேன், என் வீட்டுக்காரரு வீட்டுக்காக மனு குடுன்றாரு. நான் குடுக்கறது அதுக்கு இல்ல. அப்பா இந்த வீட்டுக்குள்ள கேக்காம நடக்கணும். அதுக்கு நீ இன்னா பண்ணுவியோ பண்ணு. பண்ணலன்னா நான் அவரைக் கூட்டிட்டுப் போய்டுவேன்."

கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றதும்தான் ஷபீ அஹமதுவுக்கு உறைத்தது. அப்பாவை இரண்டாவது தடவையாக இந்த வீட்டிலிருந்து இறக்குவதா? படுக்கைதான் தினமும் கட்டித் தயாராக வாசலில் இருக்கிறதே.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, வாணியம்பாடி கோர்ட்டுக்கு எதிரில் ஆபீஸ் வைத்திருக்கும் பூர்ணிமா என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தார். முதல் தடவை பார்த்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டது. நடந்ததை எல்லாம் சொன்னார். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் வீட்டைக் குடுக்கும்போது நீங்க எங்க சார் குடியிருந்தீங்க?"

"அதே வீட்டுலதான்மா. பொறந்ததுல இருந்து."

பூர்ணிமா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவர் வெளிய போகவே தேவையில்லையே சார். குடுக்கறவரும் வாங்கறவரும் ஒரே வீட்ல இருந்தா, குடுத்துட்டேன்னு வெளிய தெரியற மாதிரி ஏதாவது செஞ்சா போதும். வீட்டு வரியை உங்க பேருக்கு மாத்தியிருந்தாக்கூட போதும். சாமானோட இறங்கணும்னு சொல்றது வேற மாதிரி கேசுக்கு. யாரு உங்களுக்கு இதைச் சொன்னது?"

சுஹேல் சொன்னான்தான். ஆனால் பிரஷ்ஷைப் போய் எடுத்துவந்தது சுஹேல் இல்லையே! தேவையே இல்லாமல் செய்தது. சட்டமும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஷபீ அஹமதுவின் 'கரெக்ட்' மட்டும்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மகள் வயசு. அவள் முன்னால் கைகளைத் தொடை நடுவில் வைத்துக்கொண்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி மனு குடுத்தா இன்னா ஆகும்மா?"

"உங்க ரெண்டு பேரையும் அவரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. நல்லா பாத்துக்கறீங்களான்னு பாப்பாங்க."

"சோறு, மருந்து, டாக்டர், எதுலயும் கொறை இல்லம்மா."

"அது இருக்கட்டும் சார். விசாரணைல அவரைக் கேப்பாங்க. பெரியவரே, நீங்க யார் வீட்ல இருக்கீங்கன்னு. அவர் இன்னா சொல்லுவாரு?"

ஷபீ அஹமது, வீட்டை அப்பாவுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். கொடுக்கலாம் என்றாள் பூர்ணிமா. அவர் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும், பெரியவருக்குப் புரிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் கொஞ்சம் தெளிவாக இருப்பார் என்றால் காலையில் செய்யச் சொன்னாள். டாக்டரிடம் முன்கூட்டியே காட்டி ஒரு சான்று வாங்கிக்கொள்ளவும், தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் சொன்னாள். அவர் எழுந்தபோது, "இந்தத் தடவை யாரும் எங்கயும் போக வேண்டாம் சார்" என்று அழுத்திச் சொன்னாள்.

தெருவுக்குத் திரும்பியபோது முனிரத்தினம் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஷபீ அஹமது அவரிடம் போய் நின்றார். இத்தனை நாள் கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார்.

"அண்ணா, அன்னிக்கு அப்பா உங்க வீட்ல எப்படி இருந்தாரு?"

முனிரத்தினம் வாளியைக் கீழே வைத்தார். "கேக்காம இருந்திருக்கலாம் பாய். கேட்டுட்டீங்க. சாயங்காலம் வரைக்கும் அந்தச் சேர்ல உக்காந்து உங்க கதவையே பாத்துட்டு இருந்தாரு. சாப்பிடக் கூப்பிட்டேன், வரல. முனிரத்தினம், நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டாரு. தப்பே இல்ல பெரிய பாய், இது ஒரு சடங்குன்னு சொன்னேன். இல்ல, ஏதோ பண்ணியிருக்கேன், அதான் ஞாபகம் வரல, என் புள்ள காரணம் இல்லாம பண்ண மாட்டான், அவன் எல்லாத்தையும் கரெக்டா பண்றவன்னு சொன்னாரு."

ஷபீ அஹமது நடுத்தெருவில் நின்று அழுதார். அந்தத் தெருவில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

வக்கீல் யாரும் எங்கும் போக வேண்டாம் என்றுதான் சொன்னாள். அவர் கேட்கவில்லை. சட்டத்துக்குத் தேவையில்லாததை அப்பாவுக்குச் செய்தாயிற்று, அதையே தனக்கும் செய்துகொண்டால்தான் அப்பாவுக்கு உறைக்கும் என்று பில்கிஸிடம் சொன்னார். அப்பா மனசில் நிற்கிற ஒரே ஒரு நாள் அது. அந்த நாளை அப்படியே திருப்பிப் போட்டால் எடுபடலாம். எடுபடாவிட்டால் ஹுமேராவோடு போகட்டும், கேட்காமல் நடமாட அங்கேயாவது ஒரு இடம் இருக்கும். பில்கிஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

டாக்டரிடம் காட்டிச் சான்று வாங்கியாயிற்று. ஹுமேராவும் வந்தாள். அதே இரண்டு சாட்சிகள் வந்தார்கள். சுஹேலைக் கூப்பிடவில்லை. காலை நேரம், பெரியவர் குளித்து வெள்ளை ஜிப்பாவில் உட்கார்ந்திருந்தார். ஷபீ அஹமது அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, சாவியை அவர் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அப்பா, இந்த வீட்டை உங்களுக்கே குடுத்துட்டேன். இது உங்க வீடு. வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க."

பெரியவர் சாவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஹுமேரா தலையாட்டினாள்.

"வாங்கிக்கிட்டேன்" என்றார். குரல் தெளிவாக இருந்தது. சாட்சிகள் இருவரும் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொன்னார்கள்.

ஷபீ அஹமது எழுந்தார். தன்னுடைய படுக்கையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டார். மறுகையில் பெட்டி. வாசல் இறங்கித் தெருவுக்கு வந்தார். வேலைக்குப் போகிற நேரம், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரிடம் திட்டு வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள். "கரெக்ட் பாய் எங்க போறாரு?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது. காதுமடல் எரிந்தது. ஆனால் எதிர் வீட்டுக்குப் போகாமல் நடுத்தெருவிலேயே நின்றார். அப்பா வாசலுக்கு வர வேண்டும். உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சொல்கிற வார்த்தை. அது போதும் அவருக்கு.

பெரியவர் வாசலுக்கு வந்தார். சாவி கையில்தான் இருந்தது. தெருவில் பெட்டியும் படுக்கையுமாக நிற்கிற மகனைப் பார்த்தார். உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. விறுவிறுவென்று படியிறங்கி, செருப்புக்கூடப் போடாமல் வந்து மகனின் தோளைப் பிடித்தார்.

"ஷபீ! பேட்டா! உன்னையும் போகச் சொல்லிட்டாங்களா?"

"இல்லப்பா, நான்..."

"பயப்படாத. நான் இருக்கேன். இங்க நல்லவங்கதான், நான் கேட்டுப் பாக்கறேன். நீ ஒண்ணும் பேசாத."

மகன் கையிலிருந்த படுக்கைச் சுருளை வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். இன்னொரு கையால் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார். கதவருகே நின்றிருந்த பில்கிஸைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். சாவியை அவளிடம் நீட்டினார்.

"அம்மா, இவன் என் புள்ள. ரொம்ப நல்ல புள்ள, வேலைக்குப் போறவன். எனக்குக் குடுத்த எடத்துலயே இவனும் சுருண்டு படுத்துக்குவான். என் சோத்துலயே பாதி சாப்பிடுவான், உங்களுக்கு ஜாஸ்தி ஆகாது. உள்ள வரலாமா?"

ஹுமேரா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பில்கிஸ் வாயைப் பொத்தியபடி, வாங்க என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பெரியவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மகன் பக்கம் திரும்பி, காதோடு காதாகச் சொன்னார்.

"சரின்னுட்டாங்க. செருப்ப ஓரமா உடு. எதுவும் வேணும்னா கேட்டுட்டு எடு, பசிச்சா கேக்காத. சத்தம் போடாம இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வா."

ஷபீ அஹமது செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, அப்பாவின் பின்னால் உள்ளே போனார்.